வீட்டை நினைத்துச் சாகிறவன்

எங்கள் லேபர் கேம்பில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் செத்துப்போனால் அவன் படுத்திருந்த கட்டிலில் வேறு யாரும் படுக்கமாட்டார்கள். துபாய் ஜெபல் அலியில் ஆறு பேர் அடைந்து கிடக்கிற அறையில் ஒரு கட்டில் மாதக்கணக்கில் சும்மா கிடக்கும், அதன்மேல் பெட்டிகளை அடுக்குவோம். எங்கள் அறையில் ஐந்து பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், எல்லோருக்கும் கிடங்கில் வேலை. நான் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். ஜன்னலோரக் கட்டிலில் இருந்த பெயிண்டர் லீவுக்குக் கிளம்ப வேண்டிய வாரத்தில் தூக்கத்திலேயே போய்விட்டார். அதன்பின் அந்தப் பக்கம் முகம் வைத்துப் படுக்கவே பயந்தோம். நானும்தான்.

அந்தக் கட்டிலுக்குத்தான் சர்தார்ஜி வந்தார். பஞ்சாபி, டிரெய்லர் ஓட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர். வந்தவர் கட்டில்மேல் இருந்த பெட்டிகளை இறக்கி வைத்தார்.

"பாஜி, அதுல ஒருத்தர் செத்துட்டாரு," என்றேன். அண்ணன் என்பதற்கு அவர்கள் சொல்வது பாஜி. நாங்கள் பேசியதெல்லாம் உடைந்த இந்தி, இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"செத்தவன் போயிட்டான். கட்டில் என்ன தம்பி பண்ணும்?" என்றார். "வாஹேகுரு பேரைச் சொல்றவன்கிட்ட பேய் வராது."

அன்றைக்கே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. தினமும் படுக்கப்போகுமுன் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி, மெதுவான குரலில் பாட் சொல்வார். அவர்களுடைய பிரார்த்தனைக்கு அதுதான் பெயர். ஒரு சொல் புரியாவிட்டாலும் அதைக் கேட்டபடியே எங்கள் அறை தூங்கப் பழகியது.

ஒரு வெள்ளிக்கிழமை, சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே அவர் சொன்னார். சவூதி எல்லைக்குப் போகும் ரோட்டில், உச்சிவெயிலில், ஒரு ஆள் கையைக் காட்டி வண்டியை நிறுத்தினானாம். கம்பெனி யூனிஃபார்ம், கையில் கயிறு கட்டிய அட்டைப்பெட்டி. வண்டியை ஓரங்கட்டிவிட்டு இறங்கிப் பார்த்தால் மணல்தான், கால்தடம்கூட இல்லை.

"பயமா இல்லையா பாஜி?"

"பயம் எதுக்கு? பாவமா இருந்துச்சு. ஊருக்குப் போகத்தானே கை காட்டினான்."

அப்புறம்தான் தன் நம்பிக்கையைச் சொன்னார். பேய் என்று தனியாக ஒன்று கிடையாதாம். கடைசி மூச்சில் மனசு எதைப் பிடித்துக்கொள்கிறதோ அதுவாகவே ஆகிவிடுவோமாம். செல்வத்தை நினைத்துச் செத்தவன் பாம்பு. வீட்டை நினைத்துச் செத்தவன் பேய். ஆண்டவன் பேரை நினைத்தவனுக்கு மட்டும்தான் விடுதலை.

"அப்போ இந்தக் கேம்பே தேறாது," என்றேன். எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

அவரும் வீடுதான் கட்டிக்கொண்டிருந்தார், பதினாறு வருஷமாக. அவர்கள் பக்கம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை விமானம் மாதிரி, பந்து மாதிரி எல்லாம் கட்டுவார்களாம். இவருக்கு டிரெய்லர் மாதிரி வேண்டும், பதினெட்டு சக்கரத்தோடு. கொத்தனாருக்கு அனுப்ப என் நோட்டில்தான் படம் வரைந்தார். வரைந்து முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு ஏதாவது ஆகி நீ பக்கத்துல இருந்தா, வீட்டைப் பத்திப் பேசாதே. போன்ல முதல்ல இருக்கறது பாட். அதைக் காதுல வை. இந்த மனசை நான் நம்பமாட்டேன்."

சரி என்றேன். சத்தியம்கூடப் பண்ணினேன்.

அதற்கு அடுத்த ரம்ஜான் மாசத்தில் ஒரு நாள் காலை டூட்டிக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் நான்தான் கூடப் போனேன். எமர்ஜென்சியில் ஒயர்களுக்கு நடுவே கிடந்தார். நினைவு இருந்தது, பேச்சு இல்லை. அவர் போன் என் சட்டைப்பையில் இருந்தது. அது அடித்தது. வீடியோ கால், மனைவி.

அந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. எடுத்தவன் யார் என்றுகூடப் பார்க்காமல் போனை மொட்டைமாடிப் பக்கம் திருப்பினார். வெயிலில் டிரெய்லர் நின்றது. நீலப் பெயிண்ட், பதினெட்டு சக்கரம், நம்பர் பிளேட்டில் அவருடைய வண்டி நம்பர். இதைப் பார்க்கத்தானே மனுஷன் இத்தனை வருஷம் வெயிலில் வெந்தார் என்று தோன்றியது. வேறெதுவும் தோன்றவில்லை. கேம்பில் எவனுக்கு உடம்பு முடியாமல் போனாலும் நாங்கள் செய்வது அதுதான், அவன் வீட்டுப் படத்தைக் காட்டுவோம். போனை அவர் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாஜி, பாருங்க, முடிஞ்சிருச்சு."

அவர் கண் விரிந்தது. கை மெல்ல மேலே வந்தது, விரல் போனில் பட்டது. தொட்டாரா, தள்ளினாரா, தெரியவில்லை. அதற்குள் மெஷின் ஒரே சத்தமாகக் கத்தியது. என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள்.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளே விட்டார்கள். அப்போதுதான் ஞாபகம் வந்தது. பாட்டைப் போட்டு அவர் காதில் வைத்தேன். அந்தக் காது அதற்குள் குளிர்ந்திருந்தது.

நான் செய்ததை யாரிடமும் சொன்னதில்லை. அந்த அம்மாவிடம், நிம்மதியாகப் போனார், கடைசியாக வீட்டைத்தான் பார்த்தார் என்றேன். அவர் எனக்கு நன்றி சொன்னார். போன வருஷம் மகன் அவரைக் கனடாவுக்கு அழைத்துக்கொண்டான். வீடு பூட்டிக் கிடக்கிறது.

சர்தார்ஜி நம்பியது நிஜமாக இருக்கக்கூடாது என்று வேண்டிக்கொள்ளாத நாள் இல்லை. நிஜமென்றால் அவர் அங்கேதான் இருக்கிறார். கட்டி முடித்த வீட்டில் தனியாக, வெளிநாட்டில் இருக்கிற குடும்பம் எப்போது லீவில் வரும் என்று காத்துக்கொண்டு. அதை அவருக்குச் செய்தவன் நான்.

ஜன்னலோரக் கட்டில் மறுபடி காலியானபோது நானே அதில் மாறிப் படுத்துக்கொண்டேன். பேய்க்கு இப்போது பயமில்லை, என்னை நினைத்தால்தான் பயம். தினமும் படுக்குமுன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முருகா என்று ஆரம்பிக்கிறேன். பத்து முறை சொல்வதற்குள் போன வாரம் ஊரில் என் வீட்டுக்குப் போட்ட கான்கிரீட் தளம் மனசில் வந்து நிற்கிறது. பாத்தி கட்டினார்களா, தண்ணீர் காயாமல் நிற்கிறதா என்று தம்பிக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுத்தான் தூங்குகிறேன்.