உருகாத பிடி

பேக்கலைட்டு என்றால் என்னவென்று படித்துத் தெரிந்துகொண்டவள் இல்லை நான். எனக்குப் படிப்பு ரெண்டாங்கிளாசோடு சரி. நாயுடுபேட்டையில் ஒரு ஷெட்டில் பன்னிரண்டு வருஷம் அந்தப் பொடியை அச்சில் கொட்டி, சூடாக அழுத்தி, குக்கர் பிடியும் சுவிட்சும் எடுத்தவள். பொடி ஒரு தடவை வெந்து கெட்டியானால் அவ்வளவுதான், மறுபடி எந்த அடுப்புச் சூட்டுக்கும் இளகாது. கரெண்டும் பாயாது. கீழே போட்டால் உடையும், அதையும் சொல்லித்தான் விற்பேன்.

இப்போது புத்தூர் சந்தையில் தரையில் கோணி விரித்து உட்கார்ந்து குக்கருக்குப் பிடி மாட்டுகிறேன். போன மாசம் வடமாலபேட்டைக்காரி ஒருத்தி குக்கரைக் கொண்டுவந்து என் முன்னால் டொம்மென்று வைத்தாள். பின்னாலேயே அவள் புருஷன். பிடி ஒரு பக்கம் இளகித் தொங்கியது.

"ஏம்மா, நீ மாட்டினதுதானே இது? பாரு, உருகிக்கினு கீது. கை பொத்துப்போச்சி எனக்கு. பிளாஸ்டிக்கக் குடுத்து ஏமாத்துறியா?"

சந்தையே திரும்பியது. பிடி வாங்க நின்ற ரெண்டு பேர் நகர்ந்துவிட்டார்கள். இந்தப் பேர் போனால் அப்புறம் நான் கோணியை விரிக்கவே வேண்டாம். ஆனாலும் எழுந்திருக்கவில்லை.

பக்கத்து பஜ்ஜிக் கடை அடுப்பில் ஸ்க்ரூடிரைவர் முனையைக் காயவைத்து வாங்கினேன். முதலில் என் பிடி ஒன்றில் அழுத்தினேன். இறங்கவில்லை. அப்புறம் அவள் பிடியில் வைத்தேன். களியில் விரல் போகிற மாதிரி போயிற்று.

"இது என்னுது இல்லம்மா. யாரு மாத்தினது?"

அவள் மெதுவாகப் புருஷன் பக்கம் திரும்பினாள். அந்த ஆள் தலையைச் சொறிந்தார்.

"இந்தம்மா மாட்டினத நான் கீழ போட்டு உடைச்சிட்டேன். நீ திட்டுவேன்னு திருப்பதி பஸ் ஸ்டாண்டாண்ட ஒண்ணு வாங்கி மாட்டிட்டேன்."

"அடப்பாவி! அதான் அன்னிக்கி நீயே பாத்திரம் கழுவினியா? நான் எவ்ளோ சந்தோசப்பட்டேன்!"

பஜ்ஜிக் கடைக்காரர் கரண்டியை வைத்துவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"திட்டினப்ப சந்தை பூரா கேட்டுச்சேம்மா," என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. நல்ல பொம்பளை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, திட்டிய அதே குரலில், "இந்தம்மா பிடி நல்ல பிடி! தப்பு எங்க வூட்டுக்காரு மேல!" என்று கத்தினாள். தெலுங்குக்காரங்களுக்கும் தெரியட்டும் என்று தெலுங்கிலும் ஒரு தடவை கத்தினாள்.

நகர்ந்துபோன ரெண்டு பேரும் திரும்பி வந்தார்கள். "செத்த நில்லுங்க" என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, அவள் குக்கரைத்தான் முதலில் மடியில் எடுத்து வைத்தேன்.