மகளுக்கு வந்த என் நாக்கு

என் மகள் திவ்யாவுக்கு ஒன்பது வயது. எடை கூடியதால், "வாயைக் கட்டு" என்று தினமும் திட்டினேன். அவள் ஒளிந்து சாப்பிட ஆரம்பித்தாள். பயந்துபோய், ஈப்போ நகரில் ஓர் உணவு ஆலோசகரிடம் குடும்பமாகப் போனோம்.

அவர் எங்கள் மூவருக்கும் இரண்டிரண்டு கப் பால் தந்து, எதில் எண்ணெய் கலந்திருக்கிறது என்று கேட்டார்.

"இதுலதான்லா!" என்று என் கணவர் உடனே முகம் சுளித்தார்.

"ரெண்டும் ஒன்னுதாம்மா," என்றாள் திவ்யா. எனக்கும் அப்படித்தான் இருந்தது.

"அண்ணன் சொன்னதுதான் சரி. சிலர் நாக்குக்குக் கொழுப்பு ருசி லேசுல தெரியாதுக்கா. தெரியாமலே கூடுதலா சாப்பிட்டுருவாங்க. பரம்பரையாவும் வரலாம்," என்றார் ஆலோசகர்.

"அப்ப எனக்கு அம்மா நாக்கு!" என்று திவ்யா துள்ளினாள். திட்டியதற்கு அங்கேயே அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது தேங்காய்ப்பாலைக் கரண்டியால் அளந்துதான் ஊற்றுகிறேன். குழம்பை ருசி பார்த்துச் சொல்வது என் கணவர். நாங்கள் இருவரும் அவரை நம்பிச் சாப்பிடுகிறோம்.