பூட்டு விழாத இருக்கை

அந்த இருக்கையில் உட்கார்ந்ததும் முதலில் மூக்கில் ஏறியது நாற்றம்தான். எனக்கு முன்னால் உட்கார்ந்தவர்களில் யாரோ வாந்தி எடுத்திருக்க வேண்டும். அதைத் தண்ணீர் விட்டுக் கழுவாமல் ஈரச் சாக்கால் துடைத்து, மேலே கொஞ்சம் பினாயிலைத் தெளித்துவிட்டிருந்தார்கள். அப்போதே எழுந்து போயிருக்கலாம். பக்கத்து இருக்கையில் என் தங்கை சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து நாளாகியிருந்தது.

தங்கை சரவணம்பட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். வருடத்துக்கு ஒரு முறை அலுவலகத்தில் எல்லோரும் குடும்பத்தோடு எங்காவது போவார்கள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை, அப்பா அம்மாவும் இல்லை. அதனால் குடும்பம் என்றால் நானும் என் வீட்டுக்காரரும்தான். காங்கேயத்தில் எங்களுக்குத் தேங்காய் எண்ணெய்க் கடை. அன்றைக்குக் கடையைப் பூட்டிவிட்டுக் காலையிலேயே காரில் கிளம்பி, கோவைக்கு வெளியே இருந்த அந்தக் கேளிக்கைப் பூங்காவுக்கு வந்து சேர்ந்தோம்.

நான் ஏறியதை ராட்டினம் என்று சொல்ல முடியாது. பனைமரத்தை விடப் பெரிய இரும்புக் கை. அதன் நுனியில் வட்டமாக இருக்கைகள். ஊஞ்சல் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி, போகப் போக, கால் வானத்திலும் தலை மண்ணைப் பார்த்தும் நிற்கிற அளவுக்கு உயரும். என் வீட்டுக்காரர் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன் என்று கீழேயே நின்றுவிட்டார்.

தோளுக்கு மேலிருந்து இறங்கி மார்பை அணைத்துப் பிடிக்க ஒரு பட்டை உண்டு. தங்கையுடையது ‘டக்’கென்று பூட்டிக்கொண்டது. என்னுடையது விழவில்லை. பூங்காவின் பனியன் போட்ட ஆள் ஒருவர் வந்து கையால் அழுத்தினார். மேலே எழும்பியது. முழங்காலை வைத்து அழுத்தினார். திரும்பவும் எழும்பியது. பட்டையையும் இருக்கையையும் இணைக்கிற நாடா ஒன்று கால்களுக்கு நடுவே தொங்கியது. அதன் கொக்கி உடைந்திருந்தது. அவர் அந்த நாடாவை இழுத்து, மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவதைப் போல ஒரு முடிச்சுப் போட்டார்.

“இது லாக் ஆவலீங்களே” என்றேன்.

“ஒண்ணும் ஆவாதுங்க்கா. காத்தால இருந்து இப்படித்தான் ஓடிட்டிருக்குது. கெட்டியாப் புடிச்சுக்கங்க.”

நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அவர் இறங்கிப் போய்விட்டார். சங்கு ஊதியது. இரும்புக் கை நகர்ந்தது.

முதல் இரண்டு வீச்சில் ஒன்றும் தெரியவில்லை. உயரம் கூடியபோது பட்டை என் தோளை விட்டு மேலே போனது. அது போன அளவுக்கு நானும் இருக்கையை விட்டு எழும்பினேன். முடிச்சு இறுகி என்னை நிறுத்தியது. கீழே வரும்போது பட்டை திரும்பி வந்து தோள் எலும்பில் அடித்தது. ஒவ்வொரு வீச்சிலும் இதே கதை. தங்கைக்குப் புரிந்துவிட்டது. தன் கையை என் நெஞ்சுக்குக் குறுக்கே போட்டு அழுத்திப் பிடித்துக்கொண்டு, “நிறுத்துங்க, நிறுத்துங்க” என்று கத்தினாள். நானும் கத்தினேன். ஆனால் அங்கே எல்லோரும்தான் கத்துகிறார்கள். கத்துவதற்கென்றே வருகிறார்கள். உயிருக்குப் பயந்து கத்துகிறவள் யார், உற்சாகத்தில் கத்துகிறவள் யார் என்று கீழே நிற்பவனுக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள அந்தப் பனியன் ஆள் நிமிர்ந்து பார்க்கவும் இல்லை. ஒரு வீச்சின்போது பார்த்தேன், கைப்பேசியில் எதையோ தள்ளிக்கொண்டிருந்தார்.

இறங்கி, படிக்குப் பக்கத்திலேயே வாந்தி எடுத்தேன். வீட்டுக்காரர் தண்ணீர் பாட்டிலோடு வந்தார். “என்ன அம்மணி, இதுக்கே இப்படியா” என்று சிரித்தார். தங்கை நடந்ததைச் சொன்னாள். அவர் சிரிப்பு நின்றது. ஆனாலும் என்ன சொன்னார் தெரியுமா?

“சரி உடு. அதான் நல்லபடியா எறங்கியாச்சல்ல.”

வாயைக் கொப்பளித்துவிட்டு நிமிர்ந்தால், அடுத்த கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. மஞ்சள் சுடிதார் போட்ட கல்லூரிப் பெண் ஒருத்தி நான் எழுந்து வந்த அதே இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். பனியன் ஆள் குனிந்து அதே முடிச்சைப் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் சண்டைக்காரி இல்லை. கடையில் எண்ணெய் குறைகிறது என்று யாராவது சத்தம் போட்டால்கூட, இன்னும் கொஞ்சம் ஊற்றி அனுப்பிவிடுகிறவள். ஆனால் அந்த முடிச்சைப் பார்த்ததும் வெளியே வரும் வழியாகவே உள்ளே ஏறினேன்.

“கண்ணு, எந்திரி. இதுல உக்காராத. இது பூட்டாது” என்றேன். அவள் ஒன்றும் புரியாமல் எழுந்தாள். நான் உட்கார்ந்துகொண்டேன். பட்டையைக் கீழே இழுக்கவில்லை.

“அக்கா, உங்க ரவுண்டு முடிஞ்சுதுங்க” என்றார் பனியன் ஆள்.

“தெரியுமுங்க. இதைச் சரிபண்ணாம நா எந்திரிக்க மாட்டேன்.”

வரிசையில் நின்றவர்கள் முதலில் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு திட்டினார்கள். “வெயில்ல எவ்வளவு நேரமுங்க நிக்கறது”, “பயமா இருந்தா ஊட்லயே இருக்கோணும்” என்றெல்லாம் குரல்கள் வந்தன. நான் யாருக்காக உட்கார்ந்திருக்கிறேனோ அவர்கள்தான் பேசினார்கள். அது அடிபட்ட தோளை விட அதிகமாக வலித்தது.

மேனேஜர் வந்தார். மடிப்புக் கலையாத சட்டை, தூக்கலான சென்ட் வாசனை. என்னிடம் பேசவில்லை. எனக்குப் பின்னாலேயே ஏறி வந்திருந்த என் வீட்டுக்காரரிடம் பேசினார்.

“சார், மேடத்துக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. மெசின்லாம் தெனமும் செக் பண்றமுங்க. மேடம் கொஞ்சம் ஒடம்பா இருக்கறாங்க, அதான் லாக் சரியா உக்காரலை.”

மஞ்சள் சுடிதார் பெண் ஈர்க்குச்சி மாதிரி இருந்தாள். அவளுக்கும் அது பூட்டவில்லை. அதைச் சொன்னேன். அவர் கேட்காதவர் போல, “மத்தியானச் சாப்பாடு எங்க செலவுங்க சார்” என்று இரண்டு சீட்டுகளை நீட்டினார். என் வீட்டுக்காரர் கை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். இருபது வருடமாகக் கூட வாழ்கிற மனிதரை அந்த ஒரு நொடி எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை.

“சீட்டெல்லாம் வேண்டாமுங்க” என்று மேனேஜரிடம் சொன்னேன். “மெசின் நல்லாத்தான இருக்குது? நா எந்திரிக்கறேன். நீங்க இதுல உக்காந்து ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க.”

மேனேஜர் பனியன் ஆளைப் பார்த்தார். பிறகு, “எனக்கு பி.பி. இருக்குதுங்க மேடம்” என்றார்.

யாரோ சிரித்தார்கள். அவர் முகம் கறுத்துவிட்டது. சிவப்பு நாடா ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, இருக்கையின் குறுக்கே பெருக்கல் குறி போல ஒட்டவைத்தார். “இதுல யாரும் உக்கார மாட்டாங்க. போதுமுங்களா?” என்றார். ஒரு இருக்கை பூட்டாத யந்திரத்தில் மற்றவை எப்படி இருக்கும் என்று கேட்டேன். அவர் யந்திரத்தை ஓட்டச் சொல்லிக் கை காட்டினார். தங்கை என் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிவந்தாள்.

யந்திரம் ஓட ஆரம்பித்ததும் வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். நாங்கள் கீழே நின்று பார்த்தோம். இரும்புக் கை உச்சிக்குப் போனபோது, ஆள் இல்லாத அந்த இருக்கையின் பட்டை தானாகத் திறந்துகொண்டது. சிவப்பு நாடாவைக் கிழித்துக்கொண்டு, முதலை வாயைப் பிளப்பது போல முழுக்கத் திறந்தது. கீழே வரும்போது ‘படார்’ என்று மூடியது. மறுபக்கம் போனதும் திரும்பவும் திறந்தது. மஞ்சள் சுடிதார் பெண் அதற்கு அடுத்த இருக்கையில் கண்ணை மூடிக் கத்திக்கொண்டிருந்தாள்.

இதை எல்லோரும் பார்த்தார்கள். இனி ஒருவனும் ஏற மாட்டான், வரிசை கலைந்துவிடும் என்று நினைத்தேன். கைப்பேசிகள்தான் மேலே எழுந்தன. படம் எடுத்தார்கள். “பேய் உக்காந்திருக்குதுடா” என்று ஒருவன் சொல்ல, சுற்றிலும் ஒரே சிரிப்பு. வரிசையில் ஒரு ஆள்கூடக் குறையவில்லை. அந்தப் பெண் இறங்கியதும் ஓடிப்போய்த் தோழிகளின் கைப்பேசியில் அதைப் பார்த்துச் சிரித்தாள். என்னால் அந்த இடத்தில் ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. பாப்கார்ன் வாசனை, நீச்சல் குளத்துக் குளோரின் வாசனை, பாட்டுச் சத்தம் எல்லாமே நாறியது.

தங்கை தன் அலுவலகத்தில் அந்த நாளை ஏற்பாடு செய்தவரைத் தேடிப்போய்ச் சொன்னாள். “யாருக்கும் ஒண்ணும் ஆகலைல்ல?” என்று கேட்டுவிட்டு, குரூப் போட்டோவுக்கு நேரமாகிறது என்றாராம். நாங்கள் போட்டோவுக்கு நிற்காமல் கிளம்பினோம். வெளியே வந்து போலீசுக்குப் போன் போட்டேன். எடுத்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“யாருக்காச்சும் அடிபட்டிருக்குதுங்களாம்மா?”

“என் தோள்ல பட்டிருக்குதுங்க. பெருசா ஒண்ணுமில்லீங்க.”

“அப்பறம் என்னன்னுங்கம்மா கேஸ் எழுதறது?”

தங்கையை அவள் விடுதியில் இறக்கிவிட்டுக் காங்கேயம் சாலையைப் பிடித்தோம். பல்லடத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அவர் சட்டைப் பையிலிருந்து அந்தச் சீட்டுகளை எடுத்துப் பார்த்து, கிழித்துக் குப்பைத்தொட்டியில் போட்டார். “குடுத்தான், கை தன்னால நீண்டுபோச்சு” என்றார். நான் டீயைக் குடிக்காமல் கீழே ஊற்றினேன்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் இரண்டு தோளிலும் கத்தரிக்காய் நிறத்தில் ரத்தம் கன்றிப்போயிருந்தது. அவரும் அதைப் பார்த்தார். மறுநாள் கடையிலிருந்து பூங்காவுக்குப் போன் செய்தார். வாடிக்கையாளரிடம் குரலை உயர்த்தாத மனிதர், தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி பேசினார். அந்த முனையில் இருந்தவர் மெசின் சர்வீஸ் முடிந்துவிட்டது, மீண்டும் வாருங்கள் என்றாராம்.

அந்தப் பூங்கா இன்றைக்கும் நடக்கிறது. லீவு நாளில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பதில்லை என்கிறார்கள். போன வாரம் தங்கை போனில் கூப்பிட்டாள். இந்த வருடமும் அங்கேயே போகலாமா என்று அலுவலக வாட்ஸ்அப் குழுவில் ஓட்டுப் போடச் சொல்லியிருந்தார்களாம்.

“வேண்டாம்னு எத்தன பேருடி போட்டாங்க?” என்று கேட்டேன்.

“நா ஒருத்திதான்க்கா” என்றாள். “ஏன்னு ஒருத்தரும் கேக்கக்கூட இல்லை.”