நான் திறந்துவைத்த வளைகள்

என் மனைவியின் அக்காள் கணவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு உரக் கடையில் வேலை பார்த்தார். நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் டைம் ஆபீஸ் கிளார்க். இரண்டு ஊருக்கும் இடையில் அரைமணி நேர பஸ்தான். அவர் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருந்திருக்கலாம் என்று கல்யாணமான நாளிலிருந்தே நினைத்திருக்கிறேன்.

ஆள் கெட்டவர் இல்லை. அதுதான் தொந்தரவு. சேத்தூரில் மாமனார் வீட்டுக்குப் போனால், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மோட்டார் பம்பைப் பிரித்துப் போட்டுச் சரிசெய்வார். கன்று போட முடியாமல் தவித்த பசுவுக்கு ஒரு தடவை அவரே பிரசவம் பார்த்தார். பெரிய மருமகன் வந்து போனால் வீட்டில் ஒரு வேலை மிச்சமிருக்காது என்று மாமா ஊரெல்லாம் சொல்வார். என்னைப் பற்றிச் சொல்ல வந்தால், சின்ன மருமகன் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும் என்பார். அதைப் பாராட்டு என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். என்னால் முடிந்ததில்லை.

எண்பதுகளின் பிற்பாதியில் நாங்கள் சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டினோம். பின்னால் கொஞ்சம் வெறும் இடம் கிடந்தது. ஷிப்ட் முடிந்து வந்து அதைக் கொத்தினேன். நாலு வாழை, ஒரு முருங்கை, சுவரோரம் கனகாம்பரம், நடுவில் வரப்புப் போட்டுச் சர்க்கரைவள்ளிக் கொடி. மாமா ஒரு நாள் வந்து குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிள்ளிப் பார்த்தார். "நல்லாப் பதப்படுத்திருக்கீகளே மாப்ள" என்றார். அந்த வாரம் முழுக்க நான் மில்லில் சிரித்த முகமாக இருந்தேன்.

புரட்டாசி மழை விட்டதும் பெருச்சாளி வந்தது. முதலில் துவைகல்லுக்குப் பக்கத்தில் ஒரு வளை. வாசலில் புது மண் குவிந்து கிடந்தது. அடுத்த வாரம் வாழைக்குக் கீழே, பிறகு வரப்புக்குள்ளே. வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன், பூமி குடித்துக்கொண்டது. எலிக்கூண்டில் தேங்காய்ச் சில்லு வைத்தால் சுண்டெலிதான் விழுந்தது. பெருச்சாளிக்கு அந்தக் கூண்டின் வாசல் போதாது. விஷம் வைக்கலாம் என்றால் வீட்டில் தவழ்கிற பிள்ளை இருந்தது.

"அத்தான் கூமாப்பட்டியில வயக்காட்டுல வளந்தவுக. அவுககிட்ட ஒரு வார்த்த கேட்டா என்ன?" என்றாள் மனைவி.

வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் அக்காளுக்கு எழுதும் இன்லாண்டு லெட்டரில் இதையும் சேர்த்து எழுதிவிட்டாள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சகலை வந்து நின்றார். கையில் ஒரு பை. பைக்குள் அடியில் துளையிட்ட மண்சட்டி. கூட வேடிக்கை பார்க்க மாமா.

அவர் வந்ததும் தோட்டத்தைச் சுற்றினார். நான் ஏழெட்டு வளைதான் பார்த்திருந்தேன். அவர் பதினாலு கண்டுபிடித்தார். எல்லாவற்றையும் ஈர மண்ணால் அடைத்து உள்ளங்கையால் மெழுகிவிட்டார். எலி குடியிருக்கிற வளை மட்டும் காலையில் திறந்து கிடக்கும், அதில் மட்டும் புகை போட்டால் போதும் என்று விளக்கினார். எவ்வளவு எளிய விஷயம். ஒரு மாதமாக எனக்கு இது தோன்றவில்லையே என்று முதலில் ஆச்சரியப்பட்டேன். கொஞ்ச நேரத்தில் அந்த ஆச்சரியம் வயிற்றெரிச்சலாக மாறிவிட்டது.

சாப்பிடும்போது மனைவி மீன் தலையை எடுத்து அவர் தட்டில் வைத்தாள். எப்போதும் அது எனக்கு வருவது.

விடிகிற நேரம் எல்லோருக்கும் முன்னால் நான் எழுந்தேன். பல் தேய்த்தபடி பின்பக்கம் போனால், அவர் சொன்னது சொன்னபடி நடந்திருந்தது. துவைகல்லை ஒட்டி மூன்று வளைகள் திறந்து புது மண் தள்ளியிருந்தன. மற்றதெல்லாம் மெழுகியது மெழுகியபடி. நான் அந்த மூன்றையும் மண் வைத்து அடைத்தேன். அவரைப் போலவே உள்ளங்கையால் மெழுகினேன். பிறகு முருங்கைப் பக்கம் போய், அடைத்திருந்த மூன்று வளைகளைக் குதிகாலால் மிதித்துத் திறந்தேன். யோசிக்காமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் முடித்ததும் குழாயடியில் காலைக் கழுவினேன். யோசிக்காதவன் காலைக் கழுவ மாட்டான்.

சகலை வந்து முருங்கையடியில் குந்தினார். கொஞ்சம் அதிக நேரமே குந்தியிருந்தார் என்று இப்போது நினைவுக்கு வருகிறது. பிறகு சட்டியில் வைக்கோலும் மிளகாய் வத்தலும் போட்டுப் பற்றவைத்து, வளை வாயில் கவிழ்த்து, அடித்துளையில் வாய் வைத்து ஊதினார். காரப்புகையில் அவர் கண் சிவந்து தண்ணீர் கொட்டியது. மாமா கம்போடு ஒரு மணி நேரம் நின்றார். ஒரு பூச்சிகூட வெளியே வரவில்லை.

"கூமாப்பட்டி எலி வேற, ராஜபாளையம் எலி வேற போல" என்று மாமா சிரித்தார்.

சகலையும் சிரித்துக்கொண்டே, ஆமாம், தப்பிவிட்டது என்றார். சட்டியைக் கழுவிப் பைக்குள் வைத்துக்கொண்டு மத்தியான பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் அன்றைக்கு இரண்டு தடவை காப்பி வாங்கிக் குடித்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் கொடியைக் கிளறினோம். பண்டிகைக்கு எங்கள் தோட்டத்துக் கிழங்கைக் கொண்டுவருவதாக மனைவி தன் அம்மாவிடம் சொல்லிவைத்திருந்தாள். மேலே இலை கரும்பச்சையாகப் படர்ந்திருந்தது. உள்ளே ஒவ்வொரு கிழங்கும் குடைந்து வெறும் தோலாக இருந்தது. அவள் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, "மேல பச்சையாத்தான இருந்துச்சு" என்றாள். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அதே வாரம் துவைகல் ஒரு பக்கமாகப் பூமிக்குள் இறங்கியது.

பொங்கல் முடிந்ததும் லீவு போட்டுவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறினேன். உரக் கடைக்கு எதிரே இருந்த டீக்கடைக்கு சகலையைக் கூட்டிப்போய், இன்னொரு தடவை வரவேண்டும் என்று கேட்டேன். அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"வாரேன் தம்பி. ஆனா இந்தத் தடவ காலையில நான் மொதல்ல போயி வளையப் பாத்துக்கிடுதேன்" என்றார்.

கையிலிருந்த கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"எலி மண்ண வெளியதான தள்ளும். அன்னைக்கு மண்ணு உள்ளுக்குள்ள விழுந்து கெடந்துச்சு. குதிகால் தடம் வேற."

"பொறவு ஏன் சொல்லல அண்ணாச்சி?"

"மாமா நின்னாகல்ல" என்றார். அவ்வளவுதான். டீக்குக் காசு அவரே கொடுத்தார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதை மறைக்கவில்லை. ஆனால் திரும்பி வரும் பஸ்ஸில் வெட்கத்தைவிடப் பொறாமைதான் அதிகமாக இருந்தது. காரப்புகையை விழுங்கி, சிரிப்பையும் வாங்கிக்கொண்டு, யார் செய்தது என்று தெரிந்தும் அந்த மனிதர் பேசாமல் போயிருக்கிறார். இதிலாவது அவர் என்னைவிடக் கொஞ்சம் சின்னவராக இருந்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாக வந்து, வேலையை முடித்துக் கொடுத்தார். துவைகல் பக்கம் இரண்டே வளைகளில் புகை போட்டார். ஒன்றன் பின் ஒன்றாக ஏழு பெருச்சாளிகள் வெளியே வந்தன. நான் கம்போடு நின்றேன். வளைகளுக்குள் உடைந்த கண்ணாடியும் சரளையும் திணித்து மண் பூசினோம். சுவரோரம் நான் குவித்திருந்த தேங்காய் மட்டைதான் அவற்றுக்கு மறைவு என்று சொல்லி, அதை அப்புறப்படுத்த வைத்தார். அதற்குப் பிறகு எங்கள் தோட்டத்தில் பெருச்சாளி இல்லை.

தொண்ணூறுகளில் ஒரு தீபாவளிக்கு எல்லோரும் சேத்தூரில் கூடியிருந்தோம். பந்தியில் என் மனைவி பழைய கதையை எடுத்தாள். அத்தான் எலியே இல்லாத வளையில் ஒரு மணி நேரம் ஊதின கதை. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சகலையும் சிரித்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. எத்தனையோ தடவை சொல்லப்பட்ட கதைதான். அன்றைக்கு மட்டும் கையிலெடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டேன்.

"அன்னைக்கு வளைய மாத்தி வச்சது நான்தான்" என்றேன்.

மனைவி கரண்டியோடு நின்றுவிட்டாள். சகலை இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன், டீக்கடையில் அவர் சொன்ன குதிகால் தடம் வரைக்கும். மாமா பக்கத்திலிருந்த பேரன் பக்கம் திரும்பினார்.

"இம்புட்டு வருசமா ஒரு வார்த்த வெளிய விடல பாத்தியா. அதான்டா எம் பெரிய மருமகன்" என்றார்.

ஊர் திரும்பும்போது பஸ்ஸில் மனைவி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். தேவதானத்திலிருந்து வந்த ஆட்களால் பஸ் கூட்டமாக இருந்தது. "அப்போ எம் பொங்கக் கிழங்கத் தின்னது எலியில்ல, நீங்கதான்" என்றாள், என் பக்கம் திரும்பாமலே.

நான் அவளுக்குப் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் காதில் இன்னும் மாமா சொன்னதுதான் கேட்டுக்கொண்டிருந்தது.