பெண்கள் பக்கத்துக் கேசட்

டன்லப் ஸ்திரீட் மாடியில் ஒற்றை அறை வைத்திருக்கும் மைமூனுக்கு ஐம்பத்தாறு வயது. வாரநாட்களில் தஞ்சோங் பகார் அலுவலகம் ஒன்றில் காகிதங்களை ஸ்கேன் செய்கிறார். அது வயிற்றுக்கு. சனிக்கிழமை மாடியறையில் பழைய கேசட்டுகளை டிஸ்க்கில் ஏற்றிக் கொடுப்பது மனசுக்கு. ஒரு காலத்தில் தமிழ் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கத்தைப் படம் பிடித்தவர் அவர். ஆண் கேமராக்காரர் எவரும் எட்டிக்கூடப் பார்க்க முடியாத கூடத்துக்குள் மைமூன் மட்டும் ராஜ்ஜியம் நடத்துவார். எடுத்த கேசட்டைத் தன்னிடம் வைத்துக்கொள்ள மாட்டார். அன்றைக்கே வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடுவார். டிஸ்க்கில் ஏற்ற அப்புறம் கொண்டுவருகிறோம் என்று வாங்கிப் போனவர்களில் பாதிப் பேர் திரும்பி வரவே இல்லை. சோம்பேறிகள்!

பதினாறு வருடம் கழித்து அப்படி ஒரு கேசட் வந்தது. கொண்டுவந்தவள் பதினேழு வயது அஃப்ரீன். கூடவே அவள் உம்மா நஸீஹா. அஃப்ரீனுக்கு மூன்று வயதிருக்கும்போது புற்றுநோய்க்காக நஸீஹாவின் குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து சொல்ல வேண்டியதையெல்லாம் கைபேசியில் தட்டித்தான் காட்டுவார். உம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்பது மகளுக்கு நினைவில் இல்லை. பழைய கைபேசிகளும் எப்போதோ போய்த் தொலைந்துவிட்டன. மிச்சம் இருப்பது இந்தக் கேசட்தான், நஸீஹாவின் தங்கை கல்யாணத்தில் மைமூனே பிடித்தது.

"ஃபிரெண்டு வீட்டு மெஷின்ல போட்டுப் பார்த்தேன் ஆன்ட்டி. புளூ ஸ்கிரீன்தான் வருது. பிளாங்க்கா?"

"பிளாங்க்காவது ஒண்ணாவது! கேசட்டு பார்க்க சாதாதான், உள்ள பதிஞ்சிருக்கிறது ஹெச்.டி. லா. சாதா மெஷினுக்கு அது புரியாது. என் கேமராவுக்குத்தான் புரியும்."

அலமாரியிலிருந்து அதே கேமராவை எடுத்தபோது மைமூனுக்குக் கை பரபரத்தது. கணினியோடு இணைத்து, கேசட்டை உள்ளே தள்ளினார். ஒரு மணி நேரக் கேசட் ஏற ஒரு மணி நேரம் ஆகும், அவசரப்படுத்த முடியாது. பழைய நாடா வேறு, எந்த நிமிடமும் சிக்கிக்கொள்ளலாம். மூவரும் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

படம் வந்தது! மருதாணிக் கைகள், மல்லிகைச் சரங்கள், குரவைச் சத்தம். அஃப்ரீன் நாற்காலியில் உட்காரவே இல்லை. "அது நான்! அந்த பேபி நான்!" என்று கத்தினாள். நாற்பதாவது நிமிடம், மணப்பெண் பக்கத்தில் இளம் நஸீஹா வந்து உட்கார்ந்தார். சுற்றியிருந்தவர்கள் "பாடு, பாடு" என்றார்கள். நஸீஹா கேமராவை நேராகப் பார்த்தார்.

"மைமூன் லாத்தா, அத மூடுங்க. ஆம்பளைங்க கேப்பாங்க."

அஃப்ரீன் வாயைப் பொத்திக்கொண்டாள். நினைவு தெரிந்து அவள் கேட்ட உம்மாவின் முதல் வார்த்தைகள் அவை. அடுத்த நொடி திரை கறுத்தது.

பெண்கள் பாட ஆரம்பித்தால் பதிவு செய்யக் கூடாது, அதுதான் அந்தக் கூடங்களின் வழக்கம். லென்ஸ் மூடியைப் போட்டவர் மைமூனேதான். "அவ்வளவுதானா ஆன்ட்டி?" என்று அஃப்ரீன் கேட்டாள்.

அப்போது அந்தக் கறுப்புக்குள்ளிருந்து பாட்டு வந்தது.

மூடியைப் போட்ட மைமூன் பட்டனை அமுக்க மறந்திருக்கிறார்! இடுப்பில் தொங்கிய கேமரா தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. கனமான, கொஞ்சம் குறும்பான குரல். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்கிற பாட்டு. அஃப்ரீன் ஒலிபெருக்கியோடு காதை ஒட்டவைத்துக்கொண்டு அழுதாள், சிரித்தாள். மைமூனுக்கோ துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. ஆனால் பாட்டு முடிந்ததும் நஸீஹா பக்கம் திரும்பினார்.

"நஸீஹா, அன்னைக்கு வேணாம்னு சொன்னது நீ. நான் தெரியாமப் பதிஞ்சிட்டேன். உன் குரலு, நீதான் சொல்லணும். டிஸ்க்ல வைக்கவா, வெட்டிடவா?"

அஃப்ரீன் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள், கெஞ்சவில்லை. நஸீஹா கைபேசியில் நிதானமாகத் தட்டினார். அழித்தார். மறுபடி தட்டினார். பிறகு மகளிடம் நீட்டினார். அஃப்ரீன் உரக்கப் படித்தாள்:

"வைங்க லாத்தா. ஆனா ரெண்டாவது அடிய மாத்திப் பாடிட்டேன். சரியானத இவளுக்கு எழுதித் தர்றேன், இவ பாடட்டும்."