பள்ளத்தில் தங்கிய புகை

தாட்சாயினி ஸ்பிரிங்வேலில் இருந்து தினமும் ஒரு மணித்தியாலம் கார் ஓட்டி, மலையடிவாரத்தில் இருக்கும் ஒரு பழைய வைன் தயாரிப்புக் கூடத்துக்கு வேலைக்குப் போகிறாள். யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்தவள். அகதியாக வந்து, பதினொரு வருடம் ஒரு பால் தொழிற்சாலையில் போத்தல் கழுவிய பிறகுதான் இந்த ஆய்வுகூட வேலை கிடைத்தது. வைனை வாயில் உருட்டித் துப்புவாள். விழுங்குவதில்லை.

முதலாளி ரமோனின் தகப்பன் ஸ்பெயினில் இருந்து வந்தவர். தங்கள் ஊர்க் கறுப்புத் திராட்சையான டெம்ப்ரனில்லோவை மேட்டில் ஒரு துண்டிலும் ஓடைக்கரைப் பள்ளத்தில் ஒரு துண்டிலும் நட்டிருந்தார். மேட்டுப் பழம் வெயிலில் அவசரமாக இனித்துவிடும்; அதன் வைன் இரண்டு வருடத்தில் களைத்துப்போகும். பள்ளத்தில் இரவுக் குளிர்காற்று இறங்கி விடியும்வரை அசையாமல் கிடக்கும். அதனால் பழம் ஆறுதலாக முற்றும், தோல் தடிக்கும், புளிப்புக் குறையாது. பத்து வருடம் நின்றுபிடிக்கும் அந்தப் பள்ளத்து வைனால்தான் கூடத்துக்குப் பெயர்.

அந்த ஜனவரியில், இந்த நாட்டுக் கடுங்கோடையில், மலைக்கு அப்பால் மின்னல் விழுந்து காடு பற்றியது. நெருப்பு தோட்டத்துக்கு வரவில்லை. புகை வந்தது. மேட்டில் காற்று அதைக் கலைத்துவிட்டது. பள்ளத்திலோ குளிரோடு இறங்கி, ஒன்பது நாள் கொடிகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தது. பழம் கொத்தவரும் குருவிகள்கூட வரவில்லை.

பழத்தில் ஒன்றும் தெரியவில்லை; தோலுக்குள் போன புகை நொதிக்கும்போதுதான் வெளிவரும். தாட்சாயினி பள்ளத்தில் ஒரு வாளிப் பழத்தை மட்டும் பறித்துப் பிழிந்து நொதிக்கவிட்டாள். ஏழாம் நாள் சுவைத்துத் துப்பினாள். சற்றுப் பொறுத்துத் தொண்டையில் இருந்து சாம்பல் ஏறி வந்தது. மத்தியானம் குடித்த தேத்தண்ணியிலும் அது போகவில்லை.

ரமோனும் சுவைத்தார். “நல்லாத்தானே இருக்கு.”

“துப்பினபிறகு கொஞ்சம் பொறுங்கோ.”

பொறுத்தார். “ஒன்றுமில்லை, தாட்சா. நெருப்பைப் பார்த்துப் பயந்துபோனீங்கள்.”

“பயந்தால் நாக்கில சாம்பல் வருமா?”

பறிக்கவேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுத்தாள். அவர் பறித்தார்.

வீட்டில் கணவர் நித்தியானந்தன், “நீர் சொல்லவேண்டியதைச் சொல்லிப்போட்டீர். அது அவற்ற தோட்டம்” என்றார்.

மாதாமாதம் பீப்பாயைத் திறக்கும்போது சாம்பல் கூடிக்கொண்டே வந்தது. இவ்வளவு காலத்தில் இதுதான் சிறந்தது என்று ரமோன் ஒவ்வொரு முறையும் சொன்னார். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு அடுத்த பீப்பாய்க்குப் போவாள்.

செப்டெம்பரில் வழமையான வியாபாரிகள் மூன்று பேர் சுவைக்க வந்தார்கள். இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாமவர் தண்ணீர் கேட்டார்.

அவர்கள் போனபின் ரமோன் இன்னொருமுறை சுவைத்து, நெடுநேரம் காத்திருந்தார்.

“எனக்கு மட்டும்தான் தெரியவில்லையா?”

“சிலருக்குப் பிறவியிலேயே அது நாக்கில பிடிபடாது.”

அவர் நிலவறைப் பக்கம் திரும்பினார். “அப்ப, முந்தி ஒருக்கா காடு எரிஞ்ச வருசத்தில நான் போத்தலில அடைச்சது?”

அவள் அப்போது அங்கே வேலை செய்யவில்லை. இருவருமாக நிலவறைக்குப் போய், அந்த வருடத்துப் போத்தல்களைத் திறந்தார்கள். மூன்றாவதிலும் அதே சாம்பல்; அவள் கிளாஸைக் கீழே வைத்தாள். ரமோன் நான்காவதைத் திறக்கவில்லை.

பள்ளத்துப் பீப்பாய்கள் எல்லாம் அந்தக் கிழமையே நிலத்தில் கொட்டப்பட்டுக் காலியாயின. இப்போது அவள் சரி என்று சொல்லாமல் அவர் எதையும் போத்தலில் அடைப்பதில்லை. அவளுக்கு அதில் சந்தோசமில்லை. காலையில் எழும்பியதும் முதல் வேலையாக, நாக்கு இன்னும் சரியாக இருக்கிறதா என்று சோதித்துப் பார்க்கிறாள். நவம்பரில் இருந்து மழையில்லை; மலைக்கு அப்பால் காடு காய்ந்து கிடக்கிறது.