ஊதினால் மூடும் கண்

முதலில் குழலைத்தான் சந்தேகப்பட்டேன். உப்புக்காற்றில் மூங்கில் கீறல் விடுவது எங்கள் பக்கத்தில் புதிதில்லை. அன்று ஞாயிற்றுக்கிழமை மதியம். அக்காள்மடத்தில் ஸ்டெல்லா டீச்சர் வீட்டு மாடியில் உட்கார்ந்திருந்தோம். டீச்சர் கிதாரில் மெட்டை எடுத்துக் கொடுத்தார், நான் ஊதினேன். சத்தம் வரவில்லை, வெறும் காற்றுதான் வந்தது. குழலைத் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு கீறலும் இல்லை. மறுபடி ஊதியபோது இடது உதட்டோரத்தில் காற்று புஸ்ஸென்று போனது.

கபீர் அண்ணன் மடியிலிருந்த தர்பூக்காவை இறக்கி வைத்தார். அது அரபு நாட்டுக் கொட்டு. புதுமடத்துக்காரரான அவர் ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில் கற்றுக்கொண்டது.

"தங்கச்சி, ஒரு தடவ சிரி" என்றார்.

சிரித்தேன். என் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனதைப் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

எங்கள் மூவரில் யாருக்கும் இசை தொழில் இல்லை. டீச்சர் பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறார். எனக்கு உச்சிப்புளிப் பக்கம் கால்நடை மருந்தகத்தில் வேலை, வீட்டில் மிளகாய் விவசாயம். வலை இழுப்பவர்களின் அம்பாப் பாட்டில் எகிப்துத் தாளத்தைப் போடுவோம். கும்மி மெட்டில் ஆரம்பித்து அயர்லாந்துக்காரர்களின் ஆட்ட மெட்டில் போய் நிற்போம். இது என்ன கூத்து என்று எங்கள் வீட்டில் கேட்காதவர்கள் இல்லை. எனக்கு வாரம் என்பதே அந்த ஒரு மதியம்தான். மீதியெல்லாம் அதற்காகக் காத்திருப்பது.

என் வீட்டுக்காரர் வந்து என்னை ராமநாதபுரத்துக்கு அழைத்துப் போனார். கடல் பாலத்தில் வண்டியை விரட்டிக்கொண்டு போனார். அவருடைய அய்யா பக்கவாதத்தில் படுத்து இறந்தவர். அவர் எதை நினைத்துக்கொண்டு வண்டி ஓட்டினார் என்று எனக்குத் தெரியும். நானும் அதையேதான் நினைத்தேன்.

மருத்துவர் புருவத்தைத் தூக்கச் சொன்னார். நெற்றியில் வலது பாதி சுருங்கியது, இடது பாதி வழவழவென்று கிடந்தது. "பக்கவாதம்னா நெத்தி அசையும். உங்களுக்கு நெத்தியும் சேந்து வேலை செய்யல, அதனால மூளையில ஒண்ணும் இல்ல. பயப்படாதீங்க" என்றார். எனக்கு வந்திருந்தது பெல்ஸ் பால்சி (முகத்தின் ஒரு பக்கத்தை அசைக்கும் நரம்பு திடீரென்று வீங்கிச் செயலிழந்து போவது). முதல் மூன்று நாட்களுக்குள் ஸ்டீராய்டு (வீக்கம் குறைக்கும் மருந்து) ஆரம்பித்தால் நல்ல பலன் கிடைக்கும் என்றார். உங்கள் வீட்டில் யாருக்காவது வாய் கோணினால், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று படுத்துவிடாதீர்கள். அது எந்த நோய் என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

குழலைப் பற்றி நான்தான் கேட்டேன். அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம் என்றார். அப்புறம் என்றால் எப்போது என்று மறுபடி கேட்டதற்கு, நரம்பைத்தான் கேட்க வேண்டும் என்று சொல்லி அடுத்தவரைக் கூப்பிட்டார். இத்தனை வருடமாக ஊதியது போதும் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்குப் போதவில்லை.

மாமியார், இது காத்து அடித்ததுதான் என்று முடிவு செய்து மந்திரிக்க அழைத்துப் போனார். போனேன். மாத்திரையை விடவில்லை, இதையும் தடுக்கவில்லை. வெயிலில் வெந்துபோன முகத்தில் வேப்பிலை பட்டது சுகமாகத்தான் இருந்தது. கபீர் அண்ணன் ஓதிய தண்ணீர் கொண்டுவந்தார். குடித்ததில் பாதி உதட்டோரம் வழிந்து சேலையில் போய்விட்டது, மீதியாவது வேலை செய்யட்டும் என்றேன்.

இடது கண் மூடவே இல்லை. மூடாத கண் உலர்ந்து புண்ணாகிவிடும் என்பதால் பகலில் சொட்டு மருந்து விட்டு, படுக்கும்போது இமையை இழுத்து டேப் ஒட்டுவேன். சாப்பிட்டால் சோறு கன்னத்துக்குள் தங்கும், விரலை விட்டு எடுக்க வேண்டும். மருந்தகத்துக்கு ஒரு பக்கக் காது தொங்கி, வாயோரம் தீவனம் ஒழுகும் ஆடுகள் எப்போதாவது வரும். அவற்றை இரக்கத்தோடு பார்த்துப் பழகியவள் நான். இப்போது ஆட்டுக்காரர்கள் என்னை அப்படிப் பார்த்தார்கள். அழுதேன். முகத்துக்காக அழவில்லை என்றால் அது பொய். ஆனால் முகம் இப்படியே நின்றாலும் வேலைக்குப் போகலாம், சமைக்கலாம், சண்டை போடலாம். குழல் மட்டும் ஊத முடியாது.

அயர்லாந்து விசிலுக்கு மாறிக்கொள், அதை வாய்க்குள் வைத்துக்கொண்டே ஊதலாம் என்றார் டீச்சர். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "குழலத்தான் ஊதுவேன் டீச்சர். வருசமானாலும் சரி" என்றேன். சொல்லும்போது 'வ' எனக்குச் சரியாக வரவில்லை.

கோடை முடிகிற சமயத்தில் உதட்டோரம் லேசாகத் துடிக்க ஆரம்பித்தது. அப்போதுதான் நாத்தனார் வந்தார். அவர் வாக்கப்பட்டது ராமேஸ்வரத்தில். கையில் ஒரு ஊதுசங்கு இருந்தது. சங்கு ஊதினால் கோணல் நேராகிவிடும் என்று அவர் தெருவில் எல்லோரும் சொல்கிறார்களாம். கேட்டதும் எனக்கு அது நூற்றுக்கு நூறு சரியாகப் பட்டது. குழல்காரிக்கு மூச்சும் உதடும்தானே எல்லாம்? வராத சுரத்தை ஊதி ஊதித்தானே வரவழைத்தேன்? முகத்தையும் அப்படியே வரவழைத்துவிடலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கொல்லையில் நின்று அடிவயிற்றிலிருந்து ஊதினேன். காற்று ஒழுகாமல் இருக்க இடது உதட்டை விரலால் அழுத்திக்கொண்டேன். நீளமாகவே வந்தது. கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுப் பெரியப்பா தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வாசலில் வந்து நின்றார்.

"ஆத்தா, யாரு? எப்ப?" என்றார்.

எங்கள் ஊரில் காலையில் வீட்டுக்குள்ளிருந்து சங்குச் சத்தம் வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். என் மாமியார் கூடத்தில் உயிரோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி எல்லோரையும் அனுப்பி வைத்தேன். மாமியார் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

சங்கை விட்டேனா என்றால் இல்லை. மிளகாய்த் தோட்டத்தில் பம்புசெட் மறைவுக்குப் போய் ஊதினேன். காலையும் மாலையும் முகம் விண்ணென்று வலிக்கும்வரை ஊதினேன். வலித்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம் செய்துகொண்டேன்.

மாதங்கள் போயின. உதடு உண்மையாகவே வலுத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் கண்ணாடி முன்னால் குழலைப் பிடித்து உதட்டைக் குவித்தேன். குவிந்தது. கூடவே இடது கண்ணும் மூடிக்கொண்டது. உதட்டை விட்டேன், கண் திறந்தது. மறுபடி குவித்தேன், மறுபடி மூடியது. அதை நான் மூடவில்லை. என் முகத்தில் வேறு யாரோ குடியிருப்பது மாதிரி இருந்தது.

ராமநாதபுரத்தில் இயன்முறை மருத்துவர் (பயிற்சியால் தசைகளைச் சீராக்குபவர்) ஒரு இளம்பெண். சங்கு கதையைச் சிரிக்காமல் கேட்டார். இதற்கு சின்கைனீசிஸ் (ஒரு தசையை அசைத்தால் கூடவே இன்னொன்றும் அசைவது) என்று பெயர் சொன்னார். அடிபட்ட நரம்பு திரும்ப வளரும்போது சில இழைகள் வழி மாறிப் போய்ச் சேரும். அது சங்கு ஊதாமலும் வந்திருக்கலாம், ஆனால் முழுப் பலத்தோடு முகத்தை முறுக்கினால் அந்தத் தப்பு வழியே பழகிப்போகும் என்றார். தோட்டத்தில் இதை நான் பார்த்திருக்கிறேன். வரப்பு உடைந்து தண்ணீர் பக்கத்துப் பாத்திக்குப் போய்க்கொண்டிருக்கும்போது மோட்டாரை இன்னும் வேகமாக ஓட்டினால் உடைப்புதான் பெரிதாகும்.

"இனிமே பலமா எதுவும் செய்யாதீங்கக்கா. சங்கு வேணாம், பலூன் வேணாம். கொஞ்ச நாளைக்குக் குழலும் வேணாம்."

"முயற்சி பண்ணாம எப்படிம்மா வரும்?"

"முயற்சிதான். சின்னதாப் பண்ணச் சொல்றேன்."

சின்னதாகச் செய்வதுதான் எனக்குக் கஷ்டம். கண்ணாடி முன்னால் உட்கார்ந்து, கண் அசையாத அளவுக்கு மட்டும் உதட்டை நகர்த்த வேண்டும். அரிசி அகலம் நகர்ந்தால் போதும். கண் துடித்தால் நிறுத்திவிட்டு, கன்னத்தை விரலால் நீவித் தளரவிட்டு, முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். சங்கு ஊதியபோது வராத களைப்பு இதில் வந்தது. எத்தனையோ காலை கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போயிருக்கிறேன். மறுநாள் அதை நிமிர்த்தியதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காள்மடம் போவதை மட்டும் நிறுத்தவில்லை. டப்பாவில் சோளத்தைப் போட்டுக் குலுக்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். என் மெட்டை டீச்சர் கிதாரில் வாசிப்பதைக் கேட்பது பொறாமையாக இருந்தது. இருந்தும் போனேன்.

மழைக்காலம் முடிந்த பிறகு குழலைத் தொட அனுமதி கிடைத்தது. முதலில் கீழ்ச் சுரங்கள் மட்டும் வந்தன. டீச்சர் எல்லா மெட்டையும் எனக்காகக் கீழே இறக்கிக்கொண்டார். மேலே போனால் கண் பாதி மூடும். முன்பு போல முழுக்க இல்லை, பாதி. இன்னும் கொஞ்சம் சரியாகலாம், ஆகாமலும் இருக்கலாம் என்றார் அந்த இயன்முறை மருத்துவர். நான் கேட்ட கேள்வி அது இல்லை. ஊதலாமா என்று கேட்டேன். ஊதுங்கள் என்றார்.

டீச்சர் பள்ளிக்கூட ஆண்டு விழாவில் வாசித்தோம். முடிந்ததும் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ண மூடிக்கிட்டு அம்புட்டு ரசிச்சு வாசிக்கிறீக" என்றார். ஒரு கண்ணைத்தான் மூடினேன் என்று திருத்தவில்லை. ரசித்ததும் உண்மைதானே.

கும்மியிலிருந்து நாங்கள் போய் நிற்கும் அந்த அயர்லாந்து மெட்டில் ஒரு நீண்ட வரி உண்டு. முன்பெல்லாம் அதை ஒரே மூச்சில் முடிப்பேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. திரும்பி வந்த நாட்களில் முடியவில்லை. நடுவில் நிறுத்தி, கன்னத்தைத் தளரவிட்டுத்தான் மீதியை ஊதினேன். அந்த இடைவெளியை கபீர் அண்ணன் இரண்டு தட்டில் நிரப்பிக்கொண்டு வந்தார்.

இப்போது முழு வரியும் ஒரே மூச்சில் வருகிறது. போன ஞாயிறு ஊதிக் காட்டினேன். கபீர் அண்ணன் கை நின்றுவிட்டது.

"என் இடம் எங்கன போச்சு தங்கச்சி?" என்றார்.

மறுபடி ஆரம்பித்தோம். அந்த இடம் வந்தது. மூச்சு மிச்சமிருந்தும் நிறுத்தினேன். அவர் தட்டி முடிக்கும்வரை காத்திருந்து, இடது கண் பாதி மூட, மீதியை ஊதினேன்.